அந்தோணி போர்மன் உடைத்த தேங்காய்

சென்ற மாதம் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிவந்த லாரி ஒன்று பின்னால் நகரும்போது என் மகனுடைய காரின் முன்விளக்கை உரசிவிட்டுப் போனது. கண்ணாடியில் ஒரு விரிசல், அவ்வளவுதான். கம்போங் ராஜாவில் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே வேலை செய்யும் இளைஞர்கள் கெட்டிக்காரர்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் விளக்கைப் பார்த்ததும் பார்க்காததுமாக, "செட்டோட மாத்தணும் அங்கிள்" என்றார்கள்.

"கண்ணாடி மட்டும் மாத்துனா போதாதா?"

"கண்ணாடி தனியா வராது லா. எல்லாம் ஒண்ணா ஒட்டி வருது."

விலையையும் சொன்னார்கள். நான் வாயைத் திறந்தேன். என் மகன் அவசரமாக என் தோளைப் பிடித்தான். அப்பா பேச ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிறுத்தமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் பட்டறையின் மூத்த மெக்கானிக், "நீங்க எமர்ஜென்சி காலத்துல தேயிலைத் தோட்டத்துல பிட்டரா இருந்தவருதானே? அப்ப லைட் உடைஞ்சா என்னா செய்வீங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்டது அவர், அனுபவிக்கட்டும். அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது கீழே, பேராக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். ஜப்பான்காரன் காலம் முடிந்ததும் மலைக்கு ஏறிவிட்டேன். தேயிலை ஸ்டோரில் கொழுந்து உருட்டும் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் வேலையில் சேர்ந்தேன். பிறகு பட்டறையில் சம்மட்டி பிடித்தேன். அப்புறம் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர் சின்னக்கண்ணு ஆனேன். இதையெல்லாம் விரித்து எழுதினால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். ஆகவே நேரே அந்தோணி போர்மனிடம் வந்துவிடுகிறேன்.

பட்டறைக்குத் தலைவர் அவர். சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டிருப்பார். இரும்போடும் எண்ணெயோடும் புழங்குகிற மனிதருடைய சட்டை எப்படி வெள்ளையாகவே இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதைவிடத் திட்டியிருந்தால் தேவலை. நாம் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் பக்கத்தில் வந்து நிற்பார்.

"என்னா செய்யப் போறே?"

வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எந்த நட்டு, எந்தப் பக்கம் திருப்பு, கழன்றதும் எதைத் தாங்கிப் பிடிப்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். நடுவில் திக்கினால், "கீழ வை. யோசி. சொல்லு. அப்புறம் செய்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பழகிவிட்டது. கல்யாணமான புதிதில் வீட்டிலும், "தண்ணி குடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செம்பை எடுப்பேன். என் மனைவி பாக்கியம் தலையில் அடித்துக்கொள்வாள்.

வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அந்த அவசரகாலம் எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னாலும் புரியாது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு மலாய்க் காவலர்கள் நிற்பார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களின் கூடை, தலைப்பாகை எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பார்கள். கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரரே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை போட்ட பாலைக் காட்டுக்குள் பதுக்கி வைக்க முடியாதல்லவா. இருட்டினால் ஊரடங்கு.

மலைமேல் இருக்கும் ரிங்லெட்டிலிருந்து அடிவாரத்தில் இருக்கும் தாப்பாவுக்கு இறங்குவதென்றால் தனியாகப் போக முடியாது. எல்லா வண்டிகளும் ரிங்லெட்டில் வரிசையாக நின்று, முன்னும் பின்னும் கவச வண்டி காவலோடு, ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். கான்வாய் என்போம். அந்த வளைவுகளில் காலையிலும் மூடுபனி மூடிக் கிடக்கும். விளக்கு சரியில்லாத ஒரு வண்டி தடுமாறி நின்றால் பின்னால் வருவதெல்லாம் காட்டு நடுவில் நின்றுபோகும். பதுங்கியிருக்கிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதனால் விளக்கு எரியாத வண்டியை வரிசையிலிருந்து இழுத்து ஓரம் கட்டிவிடுவார்கள். துரை வண்டியாக இருந்தாலும் அதே கதிதான்.

தோட்டத்து மேனேஜரான எங்கள் வெள்ளைக்காரத் துரையின் கார் யுத்தத்துக்கு முந்தியது. குண்டு துளைக்காமல் இருக்க எங்கள் பட்டறையில்தான் அதற்கு இரும்புத் தகடு அடித்தோம். ஓட்டுகிறவர் ஒரு பிளவு வழியாகத்தான் ரோட்டைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் தகடு, வெளியே நீட்டிக்கொண்டிருந்தவை முன்னால் இருந்த இரண்டு விளக்குகள் மட்டும்தான்.

துரை புதிதாக வந்தவர், சின்ன வயது. பட்டாளத்திலிருந்து வந்தவர். தமிழ்ப் பரீட்சைக்காக ஆபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிராணியிடம் பாடம் படித்துக்கொண்டிருந்தார். அதனால் அவர் பேசினால் பாடப்புத்தகம் எழுந்து நடந்து வருவதுபோல் இருக்கும். கெட்டவர் இல்லை. ஆனால் கீழே இருந்த தலைமை அலுவலகத்தில், தோட்டத்துக்கு எதற்குத் தனிப் பட்டறை, மூடிவிட்டு வண்டிகளை ஈப்போவுக்கு அனுப்பலாமே என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதை முடிவு செய்யப் பெரிய துரை ஒருவர் தாப்பாவரை வரப்போகிறார், நம் துரை கான்வாயில் இறங்கி அவரை மேலே கூட்டிவர வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது.

பட்டறையை மூடினால் எங்களைப்போன்ற சில்லறை ஆட்களை ஸ்டோருக்குள் தள்ளிவிடுவார்கள். போர்மனுக்குத்தான் போக்கிடமே கிடையாது. வேலை போனால் அன்றே வீடும் போகும். மூத்த மகள் தானா ராத்தாவில் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் வேலையில்லாமல் குடும்பத்தோடு ரோட்டில் நின்றால் போலீஸ் ஒரு பக்கம் சந்தேகப்படும், காட்டுக்காரன் ஒரு பக்கம் சந்தேகப்படுவான். இது போர்மனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் ஆயுத பூசை வந்தது.

காவல் கெடுபிடிக்கு நடுவிலும் பூசைக்கு அனுமதி கிடைத்தது. பொரியும் சுண்டலும் வேலிக்கு உள்ளேயே தின்று தீர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. தேங்காயைக்கூட வாசலில் காவலர் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். கடைசல் இயந்திரம், சம்மட்டி, லாரி, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தோம். வரிசையில் முதலாவதாகத் துரை கார் நின்றது. செவ்வந்தி மாலை போட்டு, விளக்குகள் இரண்டுக்கும் பெரிய குங்குமப் பொட்டும் வைத்தாயிற்று.

தேங்காய் உடைப்பது எப்போதும் எங்கள் கங்காணிதான். போர்மன் வேதக்காரர், ஓரமாகக் கைகட்டி நின்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பார், சுண்டல் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அன்று துரை எல்லாவற்றையும் அக்கறையாகப் பார்த்துவிட்டு, "பட்டறையின் தலைவர் எவரோ அவரே தேங்காயை உடைக்க வேண்டும், அல்லவா?" என்றார்.

கங்காணி தேங்காயைப் போர்மன் கையில் கொடுத்துவிட்டார். போர்மன் எங்களைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் பூசைத் தேங்காய் உடைத்ததே கிடையாது. ஆனால் துரை சொன்ன பிறகு மறுக்க முடியுமா? சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். ஓங்கினார்.

கல்லின் விளிம்பில் பட்ட தேங்காய் பந்துபோல எகிறியது. நேரே காரின் இடது விளக்குக்குள் போய் உட்கார்ந்தது. தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

பொரித்தட்டை வைத்திருந்த பாக்கியம் "ஐயோ சாமி!" என்றாள். போர்மன் கையை வீசினவர் வீசினபடியே நின்றார். துரை குனிந்து பார்த்தார். கண்ணாடி சுக்குநூறு. உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் கிண்ணம் நசுங்கி, வெள்ளிப் பூச்சு கீறிக்கொண்டிருந்தது.

"அந்தோணி," என்றார் துரை. அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "நாளை மறுநாள் காலை நான் கான்வாயில் செல்ல வேண்டும். இந்தக் காருக்கு இரண்டு விளக்குகள் இல்லையென்றால் நான் செல்ல இயலாது. பெரிய துரை திரும்பிப் போய்விடுவார். தன் முதலாளியின் விளக்கையே பழுது பார்க்க முடியாத பட்டறை எதற்கு என்று அவர் கேட்டால், நான் என்ன பதில் சொல்வேன்?"

போர்மன் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை ரேஷன் லாரியில் தொற்றிக்கொண்டு நானும் போர்மனும் ரிங்லெட்டில் சாகுல் நானா கடைக்குப் போனோம். ஊசி முதல் டயர்வரை நானாவிடம் இல்லாததில்லை. பால் டின்னுக்கு ஆணி அடித்துக்கொண்டே எங்கள் கதையைக் கேட்டார்.

"இந்த மாடல் லைட்டா? சிங்கப்பூருக்கு எழுதணும் போர்மன். அங்க இல்லேன்னா சீமையிலேருந்து கப்பல்ல வரணும்."

"ஒரு மாசம் ஆவுமா?"

"உங்க மவ கல்யாணத்துக்கு வந்து சேரும்."

விலையைக் கேட்டதும் போர்மன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அதைச் சொந்தக் காசில் கொடுக்க வேண்டுமென்றால் வீட்டில் மாதக்கணக்கில் அடுப்பு எரியாது. லாரி விளக்கைக் கழற்றிப் போடலாமென்றால் அது அகலம், சேராது. அப்போதுதான் எனக்கு ஒன்று பொறி தட்டியது. எனக்குப் பொறி தட்டினால் வாய் சும்மா இருக்காது.

"ஐயா, அந்தக் கிண்ணம் பித்தளைதானே? மேல மட்டுந்தானே வெள்ளி?"

"ஆமா."

"எங்க வீட்டுல பித்தளைக் குண்டானுக்கு ஈயம் பூசுனா உள்ள மூஞ்சி தெரியும். பாக்கியம் பூசுவா."

நானா ஆணியைக் கீழே வைத்தார். போர்மன் தலையை நிமிர்த்தினார்.

முன்பெல்லாம் ஈயம் பூசுகிறவர் ஈப்போவிலிருந்து துருத்தியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வருவார். அவசரகாலத்தில் அவர் வரவு நின்றுவிட்டது. பாத்திரமெல்லாம் பச்சை பிடித்துப் புளிக்குழம்பு கசந்ததும், பாக்கியம் தானே பூசக் கற்றுக்கொண்டாள். லயத்தில் பாதி வீட்டுக் குண்டானுக்கு அவள் கைதான் பட்டிருக்கும். பித்தளையில் ஈயம் ஒட்டுவதற்காக நானாவிடம் ஒரு பொட்டலம் நவச்சாரம் வாங்கிக்கொண்டோம். அவர் காசு வாங்கவில்லை. "லைட் எரிஞ்சா வந்து சொல்லு, போதும்" என்றார்.

முதலில் கிண்ணத்தின் நசுங்கலை எடுக்க வேண்டும். சம்மட்டியால் தட்டினால் இன்னும் கெடும். உள்ளே அதே வளைவில் ஒரு அச்சு இருக்க வேண்டும். பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டையை எடுத்தேன். பார்க்கத்தான் அது சுள்ளி. அறுத்தால் வாள் பல் உதிரும், அவ்வளவு கெட்டி. நல்லாயிருந்த வலது விளக்கின் வளைவுக்கு அட்டையை வெட்டி அளவு எடுத்துக்கொண்டு, கட்டையைக் கடைசலில் கொடுத்து, அட்டை இடைவெளியில்லாமல் உட்காரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். பிறகு கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்து, தோல் சுற்றிய மரச்சுத்தியால் நசுங்கலின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தட்டினேன். நடுவில் தட்டினால் பித்தளை இழுபட்டுப் பொம்மிக்கொள்ளும். ஓரத்திலிருந்து போனால் வந்த வழியே திரும்பும்.

பாக்கியத்தைப் பட்டறைக்குள் அழைத்து வந்தேன். அதுவரை அங்கே எந்தப் பெண்ணும் வேலை செய்ததில்லை. அவள் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் பல்பு மாட்டும் இடம் பற்றவைத்ததாக இருந்தது. "சூடு பட்டா இது கழண்டுடும்ங்க" என்று ஈரக் களிமண்ணைப் பிசைந்து அதைச் சுற்றி அப்பினாள். புளியும் சாம்பலும் போட்டுக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவினாள். கரியைத் தணலாக்கினாள்.

போர்மன் பக்கத்தில் வந்து நின்றார். பழக்கதோஷம். "என்னாம்மா செய்யப் போறே?"

"சொல்லிக்கிட்டு இருந்தா சூடு ஆறிடும் போர்மனய்யா. பேசாம நின்னு பாருங்க."

நான் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். அவரிடம் அப்படிப் பேசின ஒரே ஆள் அவள்தான். போர்மன் சட்டைக்கைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்று பார்த்தார்.

கிண்ணம் சூடேறியதும் நவச்சாரத்தைத் தூவினாள். குபீரென்று வெள்ளைப் புகை கிளம்பியது. ஈயக் குச்சியை ஒரு இடத்தில் தொட்டாள். உருகி ஒரு சொட்டு நின்றது. அது உருண்டு ஓடுவதற்குள் பஞ்சால் ஒரே சுழற்றில் கிண்ணம் முழுதும் இழுத்தாள். பித்தளையின் மஞ்சள் மறைந்து வெண்மை படர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! குண்டானாக இருந்தால் உடனே தண்ணீரில் போடுவாள். இது மெல்லிய தகடு, நெளிந்துவிடும் என்று தானாக ஆறவிட்டாள். கடைசியில் மெருகேற்ற மடியிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்தாள். திருநீறு.

போர்மனைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லியே ஐயா? இதைவிட நைசா வேற பொடி இல்ல" என்றாள்.

"தேய்மா. நாங்களும் வருசத்துல ஒரு நாளு கோயில்ல நெத்தியில சாம்பல் பூசுறவங்கதான்."

கிண்ணத்தில் மூவர் முகமும் தலைகீழாகத் தெரிந்தது.

அடுத்தது கண்ணாடி. கார் விளக்குக் கண்ணாடி சும்மா வழவழப்பாக இருக்காது, வரி வரியாக இருக்கும். துரை பங்களாவில் குளியலறை ஜன்னலை மாற்றியபோது மிஞ்சிய வரிக் கண்ணாடித் துண்டு ஒன்று அலமாரிக்குப் பின்னால் சாக்குச் சுற்றிக் கிடந்தது. ஒரே ஒரு துண்டு. பிசகினால் வேறு கிடையாது. கண்ணாடி வெட்டுவது எப்போதும் போர்மன் கைவேலை. வெட்டும் கருவியை எடுத்தவர், கண்ணாடியை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அந்தத் தேங்காய்க்குப் பிறகு அவருக்குத் தன் கைமேல் நம்பிக்கை போயிருந்தது.

"நீ வெட்டு. என்னா செய்யப் போறே, சொல்லு."

"வழவழப்பா இருக்குற பக்கம் மண்ணெண்ணெய் தடவப் போறேன். வளையத்தை வெச்சு, எடுக்காம ஒரே சுத்துல கீறப் போறேன். வெளிப்பக்கம் சூரியக் கதிர் மாதிரி கோடு போட்டு, அடியிலேருந்து தட்டித் துண்டு துண்டாக் கழட்டப் போறேன்."

"செய்."

கீறினேன். தட்டினேன். ஒவ்வொரு துண்டாக விழுந்தது. கடைசித் துண்டு விழுந்ததும் என் கையில் அப்பளம்போல வட்டக் கண்ணாடி! தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் ஓரத்தை மழித்தேன். பழைய டியூப்பை அறுத்து ரப்பர் வளையம் செய்தேன்.

மாட்டும்போது போர்மன் கேட்டார். "வரி எப்படி வரணும்?"

"படுக்கையா ஐயா. பூசை போட்ட காரு. நெத்தியில பட்டை போட்ட மாதிரி லட்சணமா இருக்கும்."

சாமி விஷயத்தில் தலையிடக் கூடாது என்று அவரும் தலையாட்டிவிட்டார்.

ஊரடங்குக்கு முன்னால், இருள் கவியும் நேரத்தில், காரை வெளியே நிறுத்தி விளக்கைப் போட்டோம். பனி இறங்கியிருந்தது. வலது விளக்கின் வெளிச்சம் ரோட்டில் விழுந்தது. இடது விளக்கு, கேட்டால் சிரிப்பீர்கள், ஒற்றை வெள்ளைத் தூணாக எழுந்து மரத்து உச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ரோட்டில் மருந்துக்கும் வெளிச்சமில்லை.

"லம்பு! பாடாம்! பாடாம்!" விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்திக்கொண்டு காவல் மேடையிலிருந்து மலாய்க் காவலர் துப்பாக்கியோடு ஓடி வந்தார். காட்டுக்காரனுக்குச் சமிக்ஞை காட்டுகிறோம் என்று நினைத்துவிட்டார். போர்மன் கெஞ்சிக் கூத்தாடி அவரை அமைதிப்படுத்தினார். சத்தம் கேட்டுத் துரையும் பங்களாவிலிருந்து இறங்கி வந்தார்.

"அந்தோணி, அது விளக்கா, கொடிக்கம்பமா?"

போர்மன் டூல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவுதான் சின்னக்கண்ணு. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்னு தெரியலே" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. விளக்குமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

காலடியில் வரிக் கண்ணாடியின் வெட்டுத்துண்டு ஒன்று கிடந்தது. ஆத்திரத்தில் அதை எடுத்து வீசப் போனவன், என்னவோ தோன்றி அதன் வழியாகப் பட்டறைக்குள் எரிந்த பல்பைப் பார்த்தேன். பல்பு ஒரு கோடாகத் தெரிந்தது. நெட்டுக்குத்தான கோடு. துண்டைக் கையில் திருப்பினேன். கோடும் கூடவே திரும்பியது. வரி நின்றால் வெளிச்சம் படுத்தது. வரி படுத்தால் வெளிச்சம் நின்றது.

"ஐயா! எழுந்திரிங்க ஐயா!" என்று கத்திக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரோடு விளக்கிடம் ஓடினேன்.

பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. "என்னா செய்யப் போறே?"

அந்தக் கேள்வி அதுவரை எனக்கு இனித்ததே இல்லை. அன்று இனித்தது. "கண்ணாடிய கால் சுத்து திருப்பப் போறேன் ஐயா. வரிய நிக்க வைக்கப் போறேன். வெளிச்சம் கீழ படுத்துக்கும்."

"செய்."

திருப்பினேன். விளக்கைப் போட்டேன். தூண் சாய்ந்துவிட்டது! ஒரு வாய்க்கால் ஓரத்திலிருந்து மறு வாய்க்கால் ஓரம்வரை, பாய் விரித்ததுபோல் ரோட்டோடு ரோட்டாக வெளிச்சம் கிடந்தது. வலது விளக்கின் வெளிச்சத்தைப் பனி நம் முகத்திலேயே திருப்பி அடித்தது. இடது விளக்கு பனிக்கு அடியில் புகுந்து கற்களைக்கூடக் காட்டியது. காவலரே "வாஹ், பாகுஸ்!" என்று பாராட்டினார். வேலி ஓரம் நின்ற பாக்கியம், "என்னாங்க, பட்டைய அழிச்சி நாமம் போட்டுட்டீங்களா?" என்று கத்தினாள். லயமே சிரித்தது. துரைக்கு மட்டும் புரியவில்லை. அடுத்த பாடத்தில் பெரிய கிராணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

காலையில் ரிங்லெட் வரிசையில் போலீஸ் அதிகாரி ஒவ்வொரு வண்டியாக விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நானும் போர்மனும் நானா கடை வாசலில் நின்றோம். அவர் துரை காருக்கு முன்னால் வந்ததும் போர்மன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி இடது விளக்கைப் பார்த்தார், வலதைப் பார்த்தார், மறுபடி இடதுக்கு வந்தார். விரலால் கண்ணாடியைச் சுண்டினார். பிறகு கையை வீசினார். "ஜாலான்!"

போகச் சொல்லிவிட்டார். கார் நகர்ந்தது. நானா கடைக்குள் ஓடிப்போய் எங்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்த காலம்; அந்தத் தேநீரின் இனிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த கான்வாயில் துரை பெரிய துரையோடு ஏறி வந்தார். நேரே பட்டறை வாசலில்தான் காரை நிறுத்தினார். இறங்கும்போதே முகமெல்லாம் பல். வழியில் பனி கெட்டியாகிக் கவச வண்டியே ரோடு தெரியாமல் தடுமாறியதாம். அதிகாரி எங்கள் காரை அதற்கு அடுத்ததாக முன்னுக்கு வரச் சொன்னாராம். இந்த விளக்கின் வெளிச்சத்தில்தான் கான்வாய் ஊர்ந்து வந்து சேர்ந்ததாம். இதை எந்தக் கராஜில் வாங்கினாய் என்று பெரிய துரை கேட்டாராம்.

பெரிய துரை தேயிலைக் கட்டை அச்சைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். ஈயக் குச்சியை முகர்ந்து பார்த்தார். ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். எங்கள் துரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"பட்டறை இருக்கும். அந்தோணி இருப்பார்." பிறகு காரின் வலது பக்கத்தைக் காட்டினார். "அந்தோணி, தயவுசெய்து இந்த விளக்கையும் உடைத்துத் தருவாயா?"

பட்டறையே அதிரும்படி கத்தினோம். போர்மன் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, சட்டைக்கை ஈரமாக இருந்தது. "எல்லாரும் வேலையப் பாருங்க" என்றார். நான் அழுததை யாரும் பார்க்கவில்லை. பாக்கியம் மட்டும் பார்த்தாள், லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மறுவருடம் ஆயுத பூசைக்குத் துரை காரும் லாரிகளும் வரிசையாக நின்றன. மாலை போட்டோம், பொட்டு வைத்தோம், அப்புறம் எல்லா விளக்குகளுக்கும் சாக்குக் கட்டினோம். கங்காணி தேங்காயைக் கொண்டுபோய்ப் போர்மன் கையில் வைத்தார். "வேணாம்ப்பா, வேணாம்" என்று பின்வாங்கினார். யாரும் விடவில்லை. துரை கைதட்ட ஆரம்பித்துவிட்டார்.

கூட்டத்துக்குள்ளிருந்து பாக்கியத்தின் குரல் கணீரென்று வந்தது. "போர்மனய்யா! என்னா செய்யப் போறீங்க?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. போர்மனும் சிரித்தார். சட்டைக்கைப் பொத்தானைக் கழற்றி மடித்துவிட்டார். அவர் முழங்கையை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தோம். பாடம் ஒப்பிப்பதுபோல் உரக்கச் சொன்னார்.

"குடுமி என் பக்கம் இருக்கும். நடு நரம்பு கல்லுமேல படும். கண்ணைத் தொறந்து வெச்சுக்குவேன். ஓங்கி உடைக்கப் போறேன்."

"செய்ங்க!" என்று கத்தினோம் பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும்.

தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது.